அப்பாவின் கிரீன் கார்டு: காப்பாற்றுவதா, திருப்பிக் கொடுப்பதா?

மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அமெரிக்காவிலிருந்து ஊருக்குப் போன அப்பாவுக்குப் பக்கவாதம் வருகிறது. ஐசியூ, அப்புறம் பிசியோதெரபி, நடக்கத் தொடங்கும் நேரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. எட்டு மாதம் ஓடிய பிறகுதான் வீட்டில் யாருக்காவது கார்டின் நினைவு வரும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு பதில். ஆறு மாதம் தாண்டினால் கார்டு போச்சு என்பார் ஒருவர். வீல்சேரில் வந்து இறங்கினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்ப வேண்டாம்.

வழிகள் சில உண்டு. ஓராண்டு முடிவதற்குள் எப்படியாவது திரும்பி வருவது ஒன்று. வந்து, நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்ப அனுமதிக்கும் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு மறுபடி ஊருக்குப் போவது இன்னொன்று. ஓராண்டு தாண்டிவிட்டால், கார்டுக்காரர் திரும்பி வருவதற்கென்றே உள்ள எஸ்பி-1 விசா கேட்கலாம். அதுவும் வேண்டாமென்றால் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விசிட்டர் விசாவுக்கு மாறலாம்.

எது நல்லது என்று பார்க்கும் முன் இரண்டு கேள்விக்கு விடை வேண்டும். இந்தக் கார்டு போனால் இன்னொன்று வாங்கித் தர வீட்டில் ஆள் இருக்கிறதா? இந்தக் கார்டை நம்பி வேறு யாருடைய பெட்டிஷனாவது, அதாவது உறவினரைக் குடியேற்றக் கேட்கும் மனு, ஓடிக்கொண்டிருக்கிறதா? எத்தனை மாதம் ஆயிற்று என்பதைவிட இந்த இரண்டும்தான் முடிவை மாற்றும் என்பது என் கருத்து.

21 வயது நிறைந்த, அமெரிக்கக் குடியுரிமை உள்ள மகனோ மகளோ பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்யலாம். அந்தப் பிரிவுக்கு ஆண்டு வரம்பு கிடையாது, வரிசையும் கிடையாது. கோப்பு நகரும் நேரம் மட்டும்தான். பிள்ளைகள் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தாலோ, தாங்களே கிரீன் கார்டில் இருந்தாலோ பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்ய முடியாது. அதேபோல, அப்பாவுக்குக் கார்டு கிடைத்தது அவருடைய அண்ணனோ தங்கையோ போட்ட எஃப்4 பெட்டிஷன் வழியாக என்றால், இந்தியர்களுக்கு அந்த வரிசை 15 ஆண்டுக்கு மேல் நீள்கிறது. எழுபது வயதுக்காரர் மறுபடி அதில் போய் நிற்கப் போவதில்லை. ஆக ஒரே பச்சை அட்டைதான் என்றாலும் ஒரு வீட்டில் அது போனால் திரும்ப வாங்கக்கூடியது, இன்னொரு வீட்டில் போனது போனதுதான். பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

180, 365

180 நாளுக்குள் திரும்பி வரும் நிரந்தரவாசி, அதாவது கிரீன் கார்டுக்காரர், பொதுவாகப் புதிதாக உள்ளே வர அனுமதி கேட்பவராகக் கருதப்படுவதில்லை. அதைத் தாண்டினால் அப்படிக் கருத இடம் உண்டு; புதிதாக வருபவரிடம் கேட்கும் கேள்விகள், அரசு உதவியை நம்பி வாழ்ந்துவிடுவாரா என்பது உட்பட, எழலாம். ஓராண்டு ஆகிவிட்டால் கார்டு பயண ஆவணமாகச் செல்லாது. விமான நிறுவனமே ஏற்ற மறுக்கலாம்.

ஆனால் 366ஆம் நாள் காலையில் நிரந்தரவாசி என்ற தகுதி தானாக மறைந்துவிடுவதில்லை. அவரே விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது குடிவரவு நீதிபதி முடிவு சொல்ல வேண்டும். அதேபோல ஐந்து மாதத்துக்கு ஒருமுறை வந்து இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போவதாலேயே தகுதி பத்திரமாக இருக்கும் என்பதும் கிடையாது. வீடு எங்கே, வாழ்க்கை எங்கே என்றுதான் பார்ப்பார்கள். 1988இல் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் ஹுவாங் வழக்கில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று வகுத்துக் கொடுத்தது: எதற்காக வெளியே போனார், திரும்பி வர ஒரு முடிவுப் புள்ளி இருந்ததா, வீடும் வேலையும் எங்கே இருக்கின்றன. தகுதியைக் கைவிட்டார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசின் தலையில் விழுகிறது என்பதும் அதில் உண்டு.

நோய் விஷயத்தில் அந்த முடிவுப் புள்ளிதான் எல்லாமே. கீமோ ஆறு சுற்று, முடிந்ததும் கிளம்புகிறோம் என்றால் அதற்கு ஒரு எல்லை தெரிகிறது. மறதி நோய் முற்றிக்கொண்டே போகிறது, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் வாழ்நாள் முழுக்க என்றால், என்றைக்குத் திரும்புவார் என்ற கேள்விக்குக் குடும்பத்திடமே பதில் இருக்காது. எவ்வளவு கொடிய நோய் என்று விளக்கும் கடிதத்தைவிட, எப்போது பயணம் செய்யலாம் என்று மருத்துவர் மதிப்பிட்டு எழுதிய ஒரு பத்திதான் பிற்பாடு கைகொடுக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது இருக்காது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஓராண்டுக்குள் திரும்புவது

உடல் இடம் கொடுத்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. செலவு டிக்கெட்டோடு முடிகிறது, தூதரகப் படி ஏற வேண்டியதில்லை. பத்தாவது மாதத்தில் வந்தாலும் கையில் மருத்துவக் கோப்பு இருந்தால் பேச ஆதாரம் இருக்கிறது. அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர், ஆக்ஸிஜன் தேவைப்படுபவர், படுத்தபடி வர வேண்டியவர் என்றால் விமான நிறுவனம் தன் மருத்துவப் படிவத்தை மருத்துவரைக் கொண்டு நிரப்பித் தரச் சொல்லும். டிக்கெட் போட்ட பிறகு அல்ல, போடும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பலர் பார்க்கத் தவறும் ஒன்று மருத்துவக் காப்பீடு. பெற்றோர் அமெரிக்காவில் பத்து ஆண்டு வேலை செய்யவில்லை என்றாலும், 65 வயதாகி, நிரந்தரவாசியாகத் தொடர்ச்சியாக ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தால் பணம் கட்டி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் சேரலாம். 2025இல் மருத்துவர் செலவுக்கான பார்ட் பி மாதம் 185 டாலர், உழைத்த கணக்கே இல்லாதவருக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ 518 டாலர். ஐந்து ஆண்டு ஆகவில்லை என்றால் தனியார் திட்டம்தான். ஊரில் நடக்கும் சிகிச்சைக்கு மெடிகேர் அநேகமாக எதுவும் தராது. காப்பீடு இல்லாத நோயாளியை, கார்டின் தேதி ஒன்றுக்காக மட்டும் விமானம் ஏற்றி இங்கே கொண்டுவருவது, என்னைக் கேட்டால், எல்லா வழிகளிலும் மோசமானது. கார்டு பிழைக்கும், ஒரே ஒரு ஆஸ்பத்திரி பில்லில் குடும்பம் படுத்துவிடும்.

ரீ-என்ட்ரி பெர்மிட்

ஐ-131 படிவம், 2024 கட்டண மாற்றத்துக்குப் பிறகு 630 டாலர். கிடைத்தால் இரண்டு ஆண்டு வரை வெளியே இருந்துவிட்டு வரலாம். அந்தக் காலத்துக்குள் திரும்பினால், வெளியே இருந்த காலத்தை மட்டும் காட்டித் தகுதியைக் கைவிட்டதாகச் சொல்ல முடியாது. அருமையான ஏற்பாடு. சிக்கல் என்னவென்றால், விண்ணப்பிக்கும்போது ஆள் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும். பயோமெட்ரிக்ஸும் (கைரேகை, புகைப்படம்) இங்கேதான், அதைக் கொடுக்காமல் கிளம்பிவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். ஊரில் படுத்திருப்பவருக்காக இங்கிருந்து மகன் போட முடியாது. கொடுத்த பெர்மிட்டை நீட்டிக்கவும் வழியில்லை. மறுபடி வேண்டுமென்றால் மறுபடி இங்கே வந்துதான் போட வேண்டும்.

அதனால் இது ஊருக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலை. இதய நோயோ சர்க்கரையோ இருக்கும், ஊரில் ஐந்தாறு மாதம் தங்கும் பழக்கமுள்ள பெற்றோருக்கு இதைப் போட்டு வைப்பதில் தப்பே இல்லை. ஓராண்டு முடியாமல், அப்பா ஓரளவு தேறியிருந்தால், வந்து விண்ணப்பித்து, பயோமெட்ரிக்ஸ் கொடுத்துவிட்டு, பெர்மிட்டை ஊரிலுள்ள தூதரகத்துக்கு அனுப்பும்படி கேட்டுவிட்டுத் திரும்பலாம். மருத்துவ அவசரம் என்று காரணம் காட்டி வேகப்படுத்தச் சொல்லிக் கேட்கவும் இடமிருக்கிறது.

பெர்மிட் இருந்தால் குடியுரிமைக்கான ஐந்தாண்டு வசிப்புக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. ஓடாது. ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர் வசிப்பு அறுந்துவிடும். திரும்பி வந்து பொதுவாக நாலு ஆண்டும் ஒரு நாளும் ஆன பிறகே விண்ணப்பிக்கலாம். ஆறு மாதத்துக்கு மேல், ஓராண்டுக்குள் என்றால் அறுந்ததாகத்தான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று நாம் காட்ட வேண்டும். நாலரை ஆண்டு முடித்துவிட்ட பெற்றோருக்கு இது பெரிய நஷ்டம். குடியுரிமை வாங்கிவிட்டால் எத்தனை ஆண்டு ஊரில் இருந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை என்பதால், அந்த வாசலுக்குப் பக்கத்தில் நிற்பவர் ஆறு மாதத்துக்குள் வந்துவிடப் பார்ப்பது நல்லது. ஆங்கிலத் தேர்வை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு: 55 வயது கடந்து 15 ஆண்டு கார்டில் இருந்தவருக்கும், 50 கடந்து 20 ஆண்டு இருந்தவருக்கும் ஆங்கிலத்திலிருந்து விலக்கு உண்டு. நோயால் கற்க இயலாதவருக்கு மருத்துவர் நிரப்பித் தரும் என்-648 படிவம் இருக்கிறது.

ஓராண்டு தாண்டிவிட்டால்

எஸ்பி-1 என்பது திரும்பி வரும் நிரந்தரவாசிக்கான விசா. டிஎஸ்-117 படிவத்துக்கு 180 டாலர். அது ஏற்கப்பட்டால் குடியேற்ற விசா கட்டணம், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தனி. மூன்று விஷயத்தைக் காட்ட வேண்டும். போனபோது நிரந்தரவாசியாக இருந்தார், திரும்பும் எண்ணத்தை ஒருபோதும் விடவில்லை, தங்கல் நீண்டது அவர் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால். நோயால் முடங்கிப்போவது அந்தக் காரணங்களில் வெளியுறவுத் துறையே பெயர் சொல்லிக் குறிப்பிடும் ஒன்று. அதனால் படிக்கும்போது, அப்பாடா, நமக்கென்றே எழுதியது போல இருக்கிறதே என்று தோன்றும்.

நேர்காணலில் இது இவ்வளவு எளிதாக இருப்பதில்லை. முதலில் தேதிகளைப் பார்ப்பார்கள். 14 மாதம் வெளியே இருந்தவரின் மருத்துவக் கோப்பு ஐந்து மாதத்தை மட்டும் விளக்கினால், மிச்ச ஒன்பது மாதம் என்ன செய்தார்? அடுத்து, அமெரிக்காவில் இதே சிகிச்சை கிடைக்காதா என்ற கேள்வி வரும் என்று எண்ணியே போக வேண்டும். பயணம் செய்யவே கூடாது என்று மருத்துவர் எழுதிய காலம் எது, ஊரில் செலவு குறைவு என்பதற்காகத் தங்கிய காலம் எது என்பதைக் கோப்பே பிரித்துக் காட்டிவிடும். இரண்டாவது வகை முற்றிலும் நியாயமான காரணம்தான், ஆனால் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம் ஆகாது. போகும்போதே எடுத்த திரும்பும் டிக்கெட், அதை ஒத்திவைத்த மின்னஞ்சல், அமெரிக்காவில் தாக்கல் செய்த வருமான வரி, வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் இங்கே எடை போடப்படும். வரியில் ஒரு கண்ணி உண்டு. ஊரில் இருந்த ஆண்டுக்கு 'நான் அமெரிக்கவாசி அல்ல' என்ற வகைப் படிவத்தில் தாக்கல் செய்துவிட்டால், அது தகுதியைக் கைவிட்டதற்குச் சான்றாகவே திரும்பி வரலாம். ஆடிட்டர் சில நூறு டாலரை மிச்சப்படுத்தித் தருகிறேன் என்றால் முதலில் இதைச் சொல்லுங்கள்.

இந்தியாவில் குடும்பவழிக் குடியேற்ற விசா வேலை பெரும்பாலும் மும்பையில் நடக்கிறது. இலங்கை என்றால் கொழும்பு. நோயாளியை அழைத்துக்கொண்டு போகும் அலைச்சலையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எஸ்பி-1 கேட்காமல் நேராக விமானம் ஏறிப் பார்க்கிறவர்களும் உண்டு. ஏற்றிவிட்டால், இறங்கும் இடத்து அதிகாரி ஆவணக் குறையை மன்னித்து உள்ளே விடலாம், அல்லது நீதிபதி முன் ஆஜராகும்படி நோட்டீஸ் தரலாம். சக்கர நாற்காலியில் இருபது மணி நேரம் வந்த மனிதரிடம் ஐ-407 படிவத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்வதும் நடக்கக்கூடியது. அது கார்டைத் தானாக விட்டுக்கொடுப்பதற்கான படிவம். போட வேண்டிய கட்டாயம் இல்லை. நீதிபதியிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. இது தெரியாத, ஆங்கிலம் தடுமாறும் பெரியவரைத் தனியாக அனுப்பக் கூடாது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சட்டத்தில் இடமிருக்கிறதுதான், ஆனால் அதன் முடிவு சென்னையிலோ கொழும்பிலோ உள்ள செக்-இன் கவுண்டரிலேயே தீர்ந்துபோகலாம்.

திருப்பிக் கொடுப்பது

இதைத் தோல்வி என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் குடும்பங்கள் உண்டு. அப்பா இனி ஊரில்தான் இருக்கப் போகிறார், பேரப்பிள்ளைகளைப் பார்க்க எப்போதாவது வந்தால் போதும் என்றால், கார்டு உதவி செய்வதைவிட உபத்திரவம்தான் அதிகம். ஐ-407க்குக் கட்டணம் இல்லை, தபாலில் அனுப்பலாம். பிறகு விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பம், 185 டாலர். கிரீன் கார்டைத் தானாகக் கொடுத்தவர் என்பது, தங்கிவிட மாட்டார் என்று காட்ட நல்ல சான்று. விசா நிச்சயம் என்ற உத்தரவாதம் மட்டும் கிடையாது. 15 ஆண்டில் எட்டு ஆண்டு கார்டு வைத்திருந்தவர் என்றால் விட்டுக்கொடுக்கும் ஆண்டில் வரிப் படிவம் ஒன்று கூடுதலாக உண்டு, சொத்து அதிகமுள்ளவருக்கு வெளியேற்ற வரியும் வரலாம். கையெழுத்துக்கு முன் வரி ஆலோசகரைப் பாருங்கள்.

அப்புறம் அப்பா குணமாகி, மறுபடி இங்கேயே வாழ விரும்பினால்? குடியுரிமை உள்ள மகள் புதிதாக ஐ-130 பெட்டிஷன் போடலாம். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. குடியேற்ற விசா கேட்பவர் அரசுக்குச் சுமையாவாரா என்று பார்க்கும்போது வயது, உடல்நிலை, சொத்து எல்லாவற்றையும் கருத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. முதல்முறை 62 வயதில் திடமாக இருந்தவருக்கு எளிதாகக் கிடைத்தது, பக்கவாதத்துக்குப் பின் 70 வயதில் அதே எளிமையோடு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். விசிட்டராக வந்து இங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் காதில் ஓதுவார்கள். அந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு, சுற்றிப் பார்க்க வந்தேன் என்று அதிகாரியிடம் சொன்னால் அது பொய்த்தகவல். அதன் விளைவு ஒரு விசாவோடு போகாது.

அப்பா போட்ட பெட்டிஷன்

ஊரில் திருமணமாகாத, 21 வயது கடந்த தங்கைக்கு அப்பா எஃப்2பி பெட்டிஷன் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரிசை எட்டு ஒன்பது ஆண்டு நீள்கிறது. அப்பா கார்டைத் திருப்பிக் கொடுத்த கணத்தில் அந்தப் பெட்டிஷன் செத்துவிடும். அண்ணன் அமெரிக்கக் குடிமகனாக இருந்து தங்கைக்கு எஃப்4 போட்டாலும் முதலிலிருந்து, அதைவிட நீண்ட வரிசையில். இந்த வீட்டில் ஐ-407 பேச்சையே எடுக்கக் கூடாது. ஓராண்டு தாண்டினாலும் எஸ்பி-1க்கு முயல வேண்டும்.

கார்டைப் பிடித்து வைத்திருந்தாலும் தாமதம் வரும். தங்கையின் முறை வரும்போது, அவளைப் பணரீதியாகத் தாங்குவேன் என்ற ஐ-864 உறுதிமொழியில் அப்பா கையெழுத்திட வேண்டும். வருமானம் போதவில்லை என்றால் அண்ணன் கூட்டு ஸ்பான்சராக வரலாம், ஆனால் அப்பாவின் கையெழுத்துக்கு அது மாற்றாகாது. போதாததற்கு, ஸ்பான்சரின் நிலையான வசிப்பிடம் அமெரிக்காவாக இருக்க வேண்டும். ஊரில் ஒன்றரை ஆண்டாகப் படுத்திருப்பவர் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டிவரும். விசா மையத்திலிருந்து அறிவிப்பு வந்த பிறகு ஓராண்டு எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டால் பதிவே ரத்தாகலாம் என்பதால், ஆஸ்பத்திரி அலைச்சலுக்கு நடுவே அந்த மையத்தின் இணையக் கணக்கில் அவ்வப்போது நுழைந்து பார்க்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். தங்கை கல்யாணத்தையும் யோசிக்க வேண்டும். அப்பா கிரீன் கார்டில் இருக்கும்வரை அவள் மணம் முடித்தால் பெட்டிஷன் போய்விடும். அப்பா குடியுரிமை வாங்கிய பிறகு மணம் முடித்தால், குடிமக்களின் மணமான பிள்ளைகளுக்கான எஃப்3 பிரிவுக்கு மாறும்.

சொல்லக் கசப்பாக இருந்தாலும் இதையும் சொல்லியாக வேண்டும். பெட்டிஷன் போட்டவர் இறந்துவிட்டால் அது தானாக ரத்தாகும். ஏற்கெனவே ஒப்புதல் பெற்றதாக இருந்தால் மனிதாபிமான அடிப்படையில் உயிர்ப்பிக்கக் கேட்கலாம்; மாற்று ஸ்பான்சராகக் குடும்பத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும். முடிவு அதிகாரியின் விருப்புரிமை. ஒப்புதல் வராமல் நிலுவையில் இருக்கும்போதே இறந்து, தங்கையும் ஊரில் இருந்தால் அந்த வழியும் அநேகமாக அடைபட்டதுதான். அப்பாவின் நோய் கடுமை என்று தெரிந்ததும் பெட்டிஷன் ஒப்புதல் ஆகிவிட்டதா என்று பார்ப்பதும், நிலுவை என்றால் வேகப்படுத்தக் கேட்பதும் இதற்காகத்தான்.

அம்மாவின் கணக்கு தனி

அப்பாவைப் பார்த்துக்கொள்ளக் கூட இருக்கும் அம்மாவும் கார்டுக்காரர் என்றால் அவருக்கும் அதே 365 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் மருத்துவக் கோப்பு அம்மாவைத் தானாகக் காப்பாற்றாது. கணவரைக் கவனிக்கத் தங்கினேன் என்பது சொல்லக்கூடிய காரணம்தான், ஆனால் வேறு யாரும் பார்த்துக்கொள்ள முடியாதா என்ற கேள்வி கூடவே வரும். இரண்டு பேரும் ஓராண்டைத் தாண்டவிட்டு இரண்டு எஸ்பி-1 கேட்பதைவிட, ஒன்பதாவது பத்தாவது மாதத்தில் மகனோ மகளோ விடுப்பெடுத்து ஊருக்குப் போய் அப்பாவோடு இருக்க, அம்மா மட்டும் அமெரிக்கா வந்து ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து, பயோமெட்ரிக்ஸ் கொடுத்துவிட்டுத் திரும்புவது எவ்வளவோ மேல். பயோமெட்ரிக்ஸ் தேதி வரச் சில வாரம் ஆகலாம், அதனால் விடுப்பை அதற்குத் தக்கபடி கேளுங்கள். தங்கைக்குப் பெட்டிஷன் இன்னும் யாரும் போடவில்லை என்றால், அந்த வாரங்களிலேயே அம்மா தன் பெயரில் ஒன்று போட்டுவிடலாம். அப்பாவின் பெயரில் ஏற்கெனவே இருந்தாலும் அம்மா தனியாக இன்னொன்று போடத் தடையில்லை.